நாற்பத்தெட்டு பைகளும் ஒரு டிக்கியும்

கடலூர் முதுநகர் துறைமுகத்தில் ஐஸ் பெட்டி என்றால் பூவரசன்தான். என் அக்கா தங்கம்மாளின் வீட்டுக்காரர். இரண்டு திரவத்தைக் கலந்து ஊற்றினால் பொங்கி இறுகிக்கொள்ளும் நுரை ஒன்று உண்டு. அதற்கு பஃப் என்று பெயர். விசைப்படகின் மீன் அறையில் நாலு பக்கமும் பஃப் ஊற்றி, மேலே ஃபைபர் பூசி, பிடித்த மீன் பத்து நாள் கழித்தும் கண் வெளுக்காமல் கரை சேரும்படி செய்வது அவர் தொழில். முப்பத்தோரு வருஷமாக இதையே செய்கிறார். உலகத்தில் செய்யத் தகுந்த வேலை வேறு ஏதாவது இருப்பதாக அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

மனிதர்களையும் அவர் ஐஸ் கணக்கில்தான் எடை போடுவார். ஒருவன் சொன்ன சொல் எத்தனை நாள் தாங்கும் என்பதே கணக்கு. வலைக்கடை அருள்முருகன் அஞ்சு நாள் ஐஸ். எங்கள் வார்டு ஆள் தேர்தல் வரைக்கும் ஐஸ். நான் அரை நாள் ஐஸ். இதை அவர் என் கல்யாணப் பந்தியில், என் மாமியார் வீட்டார் சாம்பாருக்குக் காத்திருக்கும்போது சொன்னார். இருபது வருஷமாக மீன் லாரி ஓட்டுகிறேன், ஒரு லோடு கெட்டதில்லை. அதற்குக் காரணம் லாரியில் இருக்கும் தன் பெட்டி என்பது மாமாவின் கருத்து. நான் ராஜவேல் என்று ஒருவன் அந்த லாரியை ஓட்டுகிறேன் என்பது அவருக்கு ஒரு தகவல்தான்.

அக்கா கருவாட்டுக்காரி. நெத்திலி, வாளை, காரப்பொடி என்று எந்த மீனும் அவள் கையில் காய்ந்தால் மழைக்காலத்திலும் பூஞ்சை பிடிக்காது. காற்று பட்டால் மீன் போச்சு என்பவர் அவர். காற்று படாவிட்டால் கருவாடு போச்சு என்பவள் அவள். இருவரும் ஒரே வீட்டில் இருபத்தெட்டு வருஷம் குடித்தனம் செய்தார்கள். அவர் சாத்திவிட்டுப் போகும் ஜன்னலை அவள் திறப்பாள். அவள் திறந்துவிட்டுப் போகும் ஜன்னலை அவர் சாத்துவார். அந்த ஜன்னல் கீல்களை மட்டும் நாலு முறை மாற்றியிருக்கிறார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அக்காவுக்குச் சிறுநீரகம் இரண்டும் நின்றுபோயின. வயிற்றில் ஒரு குழாய் வைத்தார்கள். நாளைக்கு மூன்று வேளை, இரண்டு லிட்டர் மருந்துத் தண்ணீர்ப் பை ஒன்றை உள்ளே இறக்கி, முந்தின வேளைத் தண்ணீரை வெளியே எடுக்க வேண்டும். அவளே செய்துகொள்வாள். சிதம்பரம் ஆஸ்பத்திரியில் மாலதி சிஸ்டர் பத்து நாள் சொல்லிக்கொடுத்து, பரீட்சை வைத்து அனுப்பினார். அதற்குப் பிறகு இரண்டு வருஷம் அக்கா ஓர் இரவு கூட வெளியில் தங்கவில்லை. அதைவிட மோசம், வீட்டில் யாரும் அவளை ஒரு வேலை செய்ய விடவில்லை. குடத்தைத் தொட்டால் நாலு பேர் ஓடி வருவோம். கருவாட்டுக் கூடையை மாமா தூக்கி அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிட்டார். அவள் நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து, நாங்கள் தப்புத்தப்பாக வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் அந்த நாலு பேரில் ஒருவன். அன்புதான் காட்டுகிறோம் என்று நினைத்தோம். மடத்தனம்.

அவர்களுடைய ஒரே மகள் ப்ரீத்தி. கபடி ஆடியே படித்து, தூத்துக்குடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சராகப் போனவள். போன மாசி மாதம் மைதானத்தில் விழுந்து முழங்கால் ஜவ்வு அறுந்துபோனது. அங்கேயே ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். பதினாலாம் நாள் தையல் பிரிக்கும்வரை காலை மடக்கக் கூடாது, ஊர்ப் பயணம் கூடாது, துணைக்கு ஒருத்தர் வேண்டும் என்றார்கள்.

போனை வைத்ததும் அக்கா சொன்னாள்: "நான் போறேன்."

மாமா சிரித்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார்.

"உன்னெப் பாத்துக்கவே ஆள் வேணும். நீ போயி யாரைப் பாத்துக்கப் போற?"

"எம்பொண்ணைப் பாத்துக்கப் போறேன். அதுக்குத் தல வார, துணி மாத்த, பக்கத்துல குந்த. பதினாலு நாளு. நீங்க என்னா செய்வீங்களோ எனக்குத் தெரியாது."

ப்ரீத்தி இருப்பது தகரக் கூரை போட்ட மாடி அறை, பகலில் அடுப்பு. அங்கே பைகளை வைக்க முடியாது. பை மாற்றச் சுத்தமான இடமும் இல்லை. கம்பெனி பைகளை மாதத்துக்கு ஒரு முறை கடலூர் முகவரிக்கு மட்டும்தான் அனுப்பும், முகவரி மாற்ற இரண்டு மாதம் ஆகும். ஆகவே அக்காவோடு பைகளும், பைகளோடு ஓர் அறையும் போக வேண்டும். அப்படி ஒன்றை நான் சினிமா ஷூட்டிங்கில்தான் பார்த்திருக்கிறேன். நடிகர்கள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ளும் கேரவன்.

செம்மண்டலத்தில் ஒரு பள்ளிக்கூடத்தார் ஓடாத வேன் ஒன்றை விற்க வைத்திருந்தார்கள். அதை வாங்கி, எஞ்சினைச் சரிசெய்து, இருக்கைகளைக் கழற்றி இரண்டு படுக்கை போட்டோம், அக்காவுக்கு ஒன்று, மாமாவுக்கு ஒன்று. எனக்கு டிரைவர் சீட். பை மாற்ற ஒரு ஸ்டீல் மேசை, தொங்கவிட ஒரு கொக்கி, கை கழுவத் தொட்டி. மஞ்சள் பெயிண்ட்டை மாற்றி அடிக்க நேரமில்லை. 'குழந்தைகள் ஜாக்கிரதை' என்று பின்னால் இருந்ததும் அப்படியே இருந்தது.

மிச்சம் டிக்கி. வேனின் பின்பக்கத்தில், தரைக்கு அடியில் புத்தகப்பை போட வைத்திருந்த நீளமான அறை. போக ஒரு நாள், இருக்கப் பதினாலு, வர ஒரு நாள். நாளைக்கு மூன்று வீதம் நாற்பத்தெட்டு பை. பெட்டிக்கு ஆறு பை என்றால் எட்டு பெட்டி. டிக்கியில் எத்தனை பெட்டி அடங்குகிறதோ அத்தனை நாள்தான் அக்கா மகளோடு இருக்க முடியும்.

மாலதி சிஸ்டர் நிபந்தனையைத் தெளிவாகச் சொன்னார். "சூடு முப்பதைத் தாண்டக் கூடாது. பெட்டி நனையக் கூடாது. வண்டியில ஒரு பெட்டிய வச்சி, ஒரு நாள் பூரா ஓட்டி இங்க எடுத்தாங்க. நான் பார்த்துட்டு சரின்னு சொன்னாத்தான் பேஷண்ட் போகலாம்."

மாமா இதைக் கேட்டு ஓர் அவமானம்போல முகத்தை வைத்துக்கொண்டார். பதினேழு நாள் கடலில் கிடந்த படகுக்குப் பெட்டி செய்தவர். தண்ணீர்ப் பைக்குச் செய்ய மாட்டாரா?

நாலு நாளில் டிக்கியை மூடினார். ஆறு பக்கமும் நாலு அங்குலம் பஃப். கதவுக்கு ரப்பர் பட்டை. தண்ணீர் வடிய இருந்த பழைய ஓட்டையைத் தேடிப் பிடித்து அதையும் அடைத்தார். சைலன்சர் ஓடும் பக்கம் கூடுதலாக ஒரு தகடு. உள்ளே ஓர் எறும்பை விட்டுச் சாத்தினால் அது அங்கேயேதான் கிடக்கும். சுவர் தின்ற இடம் போக ஐந்து பெட்டி அடங்கியது. "மீதிய அப்புறம் பாத்துக்கலாம்" என்றார்.

அக்காவிடம் தேதி கடந்த பைகள் ஒரு பெட்டி இருந்தது. அதை மாமாவின் பட்டறையிலிருந்து எடுத்து, டிக்கியில் வைத்து, வயர் வைத்த தெர்மாமீட்டர் ஒன்றை நுழைத்து, அக்காவுக்கு அன்றைக்கு வேண்டிய பைகளைத் தனியாக எடுத்துக்கொண்டு மூன்று பேரும் புறப்பட்டோம். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, அங்கிருந்து சிதம்பரம். அன்றிரவு கோயிலைச் சுற்றியுள்ள நாலு வீதிகளில் ஒன்றில் வண்டியை நிறுத்திவிட்டு இட்லியும் கொத்சும் சாப்பிட்டோம். மாமா மூன்று முறை எழுந்து போய்க் கதவின் ரப்பரைத் தடவிப் பார்த்துவிட்டு வந்தார். மறுநாள் காலையில் மாலதி சிஸ்டர் டிக்கியைத் திறக்கச் சொன்னார்.

முப்பத்தி நாலு.

"நேத்து ஏத்தும்போது எவ்வளவு இருந்துச்சு?" என்று சிஸ்டர் கேட்டார்.

யாரும் பார்க்கவில்லை. பட்டறைக்கு மேலே சிமென்ட் சீட். பெட்டி அங்கே ஒரு வாரம் வெந்துகொண்டிருந்தது. ஏற்றும்போதே முப்பத்தி நாலு இருந்திருக்கும். மாமாவின் பஃப் அதில் ஒரு புள்ளி கூடக் குறையாமல், ராத்திரிப் பனியிலிருந்தும் வீதிக் காற்றிலிருந்தும் பாதுகாத்துக் கொண்டுவந்து சேர்த்திருந்தது. சூட்டை இவ்வளவு பத்திரமாக வேறு யாராலும் வைத்திருக்க முடியாது.

முப்பத்தோரு வருஷமாகக் குளிர்ச்சி என்பது ஐஸ் கம்பெனியிலிருந்து லாரியில் வந்து இறங்கியது. வந்ததைப் போகவிடாமல் பார்ப்பது மட்டும்தான் மாமாவின் வேலை. அது எங்கிருந்து வருகிறது என்று அவர் கேட்டுக்கொள்ள வேண்டிய அவசியமே வந்ததில்லை.

இப்போது கேட்டுக்கொண்டார். பதிலும் அவருக்கு உடனே கிடைத்தது. அடுத்த புதன்கிழமை அதே பெட்டியோடு மறுபடியும் சிதம்பரம் போனோம். மாலதி சிஸ்டர் டிக்கியைத் திறந்தார். அட்டைப் பெட்டி ஊறிக் கூழாகக் கிடந்தது. பைகளின் லேபிள் உரிந்து மிதந்தது. தெர்மாமீட்டரில் மூன்று.

"ஐஸ் போட்டீங்களா?"

"கொஞ்சமாத் தூவுனேன்" என்றார் மாமா. அவர் கணக்கில் கொஞ்சம் என்பது இரண்டு முழு ஐஸ் பார்.

"இது மீனுக்குள்ள போகலைங்க. உங்க சம்சாரம் வயித்துக்குள்ள போகுது. நனைஞ்ச பெட்டியில கிருமி சேந்தா வயிறு பூரா சீழ் புடிக்கும். அப்புறம் தூத்துக்குடி இல்ல, வீட்டு வாசப்படிகூடத் தாண்ட முடியாது." சிஸ்டர் குரலை உயர்த்தவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

திரும்பும் வழியில் மாமா, "மீனா இருந்தா பாராட்டியிருப்பாங்க மச்சான்" என்றார். எனக்குக் கோபம். ஆபரேஷனுக்கு எட்டு நாள்தான் இருந்தது. பின்னால் படுக்கையில் அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். அவள் தூங்கவில்லை என்று கண்ணாடியில் தெரிந்தது.

வீடு வந்ததும் அவள் நேரே வண்டியின் பின்பக்கம் போனாள். குனிந்து டிக்கிக்குள் கையை விட்டு நாலு பக்கமும் தடவினாள். நாங்கள் நாற்காலி கொண்டுவர ஓடினோம். அவள் உட்காரவில்லை.

"அடியில எங்க சந்து?" என்று கேட்டாள்.

"சந்தா? சந்து எதுக்கு?"

"கருவாட்டு மூட்டைய தரையில போட்டு அடுக்கினா என்னா ஆவும்? நடுவுல இருக்கறது புழுங்கிப் பூடும். அடியில கட்ட போட்டு, மூட்டைக்கு மூட்ட நாலு வெரல் எடம் உடணும். காத்து கீழ நுழைஞ்சி மேல போவணும். ராவு காத்து குளுந்துதானே கெடக்குது? அத்த உள்ள உடு. விடிஞ்சா சாத்து. இந்தப் பைங்க தண்ணிதானே? ராவெல்லாம் குளுந்த தண்ணி பகல்ல ஒடனே சுட்டுடுமா? உன் பஃப் எதுக்கு இருக்குது அப்ப?"

"ஓட்ட போடச் சொல்றியா?"

"ரெண்டு ஓட்ட. கீழ ஒண்ணு, மேல ஒண்ணு."

மாமா பட்டறைக்குள் போய்விட்டார். ஒரு மணி நேரம் கழித்து டிரில் மிஷினோடு வந்தார். டிக்கியின் கீழ்மூலையில் பென்சிலால் வட்டம் போட்டார். மிஷினை வைத்தார், எடுத்தார். மறுபடியும் வைத்தார். முப்பத்தோரு வருஷத்தில் பெட்டியில் ஓர் ஊசி ஓட்டை இருந்தாலும் துறைமுகமே கேட்கத் தலையில் அடித்துக்கொண்டு திட்டிய மனிதர். மிஷினை என்னிடம் நீட்டினார்.

"நீ போடு மச்சான். எங்கையால வேணாம்."

நான் போட்டேன். மிஷின் பஃப்பைத் துளைத்து மறுபக்கம் போகும்வரை அவர் கடல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு வேலை வேகமாக நடந்தது. எலி நுழையாமல் இரண்டு ஓட்டைக்கும் சல்லடைக் கம்பி. திருப்பாதிரிப்புலியூரில் பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய இரண்டு குட்டி ஃபேன், ஒன்று காற்றை இழுக்க, ஒன்று வெளியே தள்ள. வண்டிக் கூரையில் ஒரு சோலார் பலகை, கீழே தனி பேட்டரி. ஓட்டைகளை மூட மாமா பஃப்பிலேயே இரண்டு மூடி வார்த்தார். ஓட்டை போடச் சம்மதித்தாலும் அதற்கு மூடி போடும் உரிமையை அவர் விடவில்லை. பொழுது சாய்ந்து வெளிக்காற்று குளிர்ந்ததும் அக்கா திறந்து ஃபேனைப் போடுவாள். காலை ஏழு மணிக்கு மாமா சாத்துவார். வீட்டு ஜன்னலில் இருபத்தெட்டு வருஷம் நடந்த சண்டை இங்கே ஷிஃப்டு முறையில் நடந்தது.

மூன்றாம் முறை வேறொரு பெட்டியோடு சிதம்பரம் போனபோது பங்குனி வெயில் தொடங்கிவிட்டது. பகல் முழுக்க வண்டியை வேண்டுமென்றே வெயிலில் நிறுத்தினோம். வண்டிக்குள் கையை வைக்க முடியவில்லை. சாயங்காலம் நாலு மணிக்கு மாலதி சிஸ்டர் கீழே வந்து பார்த்தார். இருபத்தெட்டரை. பெட்டியின் அட்டையைத் தட்டிப் பார்த்தார், மொடமொடவென்று இருந்தது.

"யார் ஐடியா?" என்றார்.

மாமா அக்காவைக் கைகாட்டினார். அவர் இன்னொருத்தருக்குப் பெருமையை விட்டுக்கொடுத்து நான் பார்த்தது அது ஒரு முறைதான்.

ஆனால் ஒரு சிக்கல் மிச்சம் இருந்தது. நாலு அங்குலம் பஃப்பை ஆறு பக்கமும் இரண்டாகச் செதுக்கியும், அடியில் கட்டை, நடுவில் நாலு விரல் சந்து என்று இடம் போனதில் டிக்கியில் ஆறு பெட்டிதான் அடங்கியது. இரண்டு பெட்டி வெளியே. பன்னிரண்டு பை. நாலு நாள். தையல் பிரிக்க நாலு நாள் இருக்கும்போது மகளை விட்டுவிட்டு வர வேண்டும்.

"சந்தக் கொறைச்சிடலாமா?" என்று நான் கேட்டேன்.

"கொறைச்சா புழுங்கும்" என்றாள் அக்கா. பிறகு, "பத்து நாளும் ஜாஸ்திதான். போதும்" என்றாள். போதாது என்பது அவள் சேலைத் தலைப்பைப் பிடித்திருந்த விதத்தில் தெரிந்தது.

மறுநாள் காலையில் நான் போனபோது வண்டிக்குள் மாமாவின் படுக்கை இல்லை. அந்த இடத்தில் பஃப் ஊற்றிய புதுப் பெட்டி ஒன்று, மூடியோடு, கீழே ஓர் ஓட்டை, மேலே ஓர் ஓட்டை. சரியாக இரண்டு பெட்டி அளவு. ஓட்டைகளை அவரே போட்டிருந்தார்.

"நீ எங்க படுப்பய்யா?" என்று அக்கா கேட்டாள்.

"தூக்கத்த வீட்டுக்கு வந்து தூங்கிக்கிறேன்" என்றார்.

நாற்பத்தெட்டு பைகளோடு புறப்பட்டோம். மதிய வேளைப் பைக்கு ஒரு பெட்ரோல் பங்க் ஓரம் நிறுத்தினேன். பை மாற்றும்போது ஜன்னல் எல்லாம் சாத்தி, ஃபேன் நிறுத்தி, அவள் முகமூடி போட்டு உள்ளே உட்கார வேண்டும், தூசி பறக்கக் கூடாது. அந்த அரை மணி நேரம் மாமாவும் நானும் வெளியே காவல் நின்றோம். பெட்ரோல் போட வந்த ஒருத்தர் 'குழந்தைகள் ஜாக்கிரதை'யைப் படித்துவிட்டு எந்த ஸ்கூல் என்று கேட்டார். கடலூர் என்றார் மாமா.

தூத்துக்குடியில் ப்ரீத்தியின் வீட்டுக்குக் கீழே, ஒரு வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்தினோம். மாடிக்குப் பதினாறு படி. அக்கா கைப்பிடியைப் பிடித்து, படிக்கு ஒரு மூச்சு விட்டு ஏறினாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து காலை நீட்டிப் படுத்திருந்த ப்ரீத்தி பதறி எழப் பார்த்தாள்.

"யம்மா, நீ குந்து மொதல்ல."

"நீ படு. நான் குந்திக் குந்தியே ரெண்டு வருஷம் ஆச்சு."

அந்தப் பதினாலு நாளும் அவளுக்கு நாளைக்கு மூன்று பை கீழே, மற்ற நேரம் மேலே. ப்ரீத்திக்குத் தலைவாரினாள், உடம்பு துடைத்தாள், கஞ்சி வைத்தாள், காலுக்குத் தலையணை மாற்றினாள். நாங்கள் எதையாவது தொடப் போனால் கண்ணாலேயே நிறுத்தினாள். ஒருநாள் ப்ரீத்தியின் தலையில் எண்ணெய் ஜாஸ்தியாகிவிட்டது என்று இருவரும் சண்டை போட்டார்கள். வீட்டில் அவளோடு சண்டை போடுவதையும் நாங்கள் நிறுத்தியிருந்தோம் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. சாயங்காலம் அவள் டிக்கியைத் திறந்தாள், காலையில் மாமா சாத்தினார். தெர்மாமீட்டர் ஒரு நாளும் இருபத்தொன்பதைத் தாண்டவில்லை. டிரைவர் சீட்டை மாமாவுக்கு விட்டுவிட்டு நான் டீக்கடை பெஞ்சில் படுத்தேன். அவர் ஸ்டீயரிங்கில் தலை வைத்துத் தூங்கினார்.

பதினாலாம் நாள் தையலைப் பிரித்தார்கள். மெதுவாக ஊன்றி நடக்கலாம், வண்டியில் நீட்டி வைத்து ஊருக்குப் போகலாம் என்றார்கள். மறுநாள் புறப்பாடு. காலியான பெட்டியைக் கழற்றி அந்த இடத்தில் ப்ரீத்திக்குப் படுக்கை போட்டோம். கீழே இறக்க வேண்டியதுதான் பாக்கி.

ப்ரீத்தி வாசலில் வந்து நின்றாள். ஒரு கையில் ஊன்றுகோல், மறு கை அக்காவின் தோளில். மாமா நாலு படி தாவி ஏறி, லோடு வாங்குகிறவர்போலக் கையை நீட்டினார். நானும் பின்னாலேயே ஏறினேன்.

"ரெண்டு பேரும் கீழ போங்க" என்றாள் அக்கா.

"தங்கம், அது கனம். நீ..."

"எம்பொண்ணு கனம் எனக்குத் தெரியும். கீழ போய்யா."

நாங்கள் இறங்கி நின்றோம். ஒரு படி. மகள் நல்ல காலை ஊன்ற, அவள் எடை முழுக்க அக்காவின் தோளில் சாய்ந்தது. அக்கா கண்ணை மூடித் தாங்கினாள். அடுத்த படி. பதினாறு படிக்குக் கால் மணி நேரம் ஆனது. எனக்கு அழுகை வந்துவிட்டது, துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை. மாமாவின் இரண்டு கையும் நீட்டியபடியே இருந்தன. அவர் ஓர் அடி கூட முன்னால் வைக்கவில்லை.

மகளை வண்டியில் ஏற்றிப் படுக்க வைத்துவிட்டு அக்கா கீழ்ப்படியில் உட்கார்ந்தாள். மூச்சு வாங்கியது. நெற்றியெல்லாம் வேர்வை. மாமா எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"தோளு வலிக்குதா?" என்று கேட்டார்.

"வலிக்குது" என்றாள். "வலிக்கட்டும்யா. ரெண்டு வருஷமா இதுக்குக்கூட உடாம வச்சிருந்தீங்க."